ஒரே ஒரு இடம்தான் பாக்கி

அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் என் முதுகு சோபாவை விட்டுப் பிரியாது. யாராவது பிரிக்கப் பார்த்தால் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

முடிவை மனதுக்குள்தான் எடுத்தேன். சத்தமாக முடிவெடுக்கும் உரிமை எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. அந்த ஒருவர் நான் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வாத்தியார். பகலில் ஒரு கல்லூரி, சாயங்காலம் ஒரு பயிற்சி நிலையம். இரண்டிலும் ஒரே பாடம்: மின்வணிகத்தின் அடிப்படைகள். இணையத்தில் யார் யாருக்கு விற்கிறார்கள், எப்படி விற்கிறார்கள், வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள், வாங்கிய பிறகு ஏன் அழுகிறார்கள் என்பதையெல்லாம் விலாவாரியாக விளக்குவேன். கரும்பலகையில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நானாக இணையத்தில் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்று. மடக்கு ஏணி. படத்தில் பார்த்தபோது பரணை எட்டும் போலிருந்தது. அளவைப் படிக்கவில்லை. வந்து சேர்ந்தது பொம்மை வீட்டு ஏணி. தீப்பெட்டி மேல் சாத்தி வைக்கலாம். என் மனைவி அதைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, படிக்கு ஒன்றாகத் தலைமுடி கிளிப்புகளை மாட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "இது அவர் வாங்கின ஏணி" என்று காட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொன்னவர் அந்த ஏணியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். "இந்த வரி தெரியுதா? அதுக்குக் கீழ? அதுக்கும் கீழ?" இப்படிக் கேட்டுக் கேட்டு, எதிரில் இருப்பவருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் அந்தத் தொழிலை விடுவதில்லை.

எனக்கு ஒரு பழக்கம். மறுநாள் பாடத்தை முதல்நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் ஒத்திகை பார்ப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு பேசுவேன். அவள் "ம்" என்பாள். இருபது வருடமாக அந்த "ம்" ஒன்றை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. காதில் வாங்காமல் சொல்லும் "ம்" அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"இதுல நாலு வகை இருக்கும்மா. கம்பெனி, தனி ஆளுக்கு விக்கிறது ஒண்ணு."

"ம்."

"கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விக்கிறது ரெண்டு."

"ம்."

"ஆளுக்கு ஆளு விக்கிறது மூணு. நம்ம பழைய சைக்கிளை எதிர்வீட்டுக்காரருக்கு வித்தோமே, அந்த மாதிரி."

"விக்கல. ஒரு நாள் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாரு. அப்படியே வெச்சுக்கிட்டாரு."

"சரி, அதை விடு. நாலாவது, தனி ஆளு தன்னோட உழைப்பைக் கம்பெனிக்கு விக்கிறது. இவ்வளவுதான் என் விலை, வேணுங்கிறவங்க எடுத்துக்குங்கன்னு அவனே சொல்லுவான்."

"என் தம்பி உங்க சட்டையை எடுத்துப் போட்டுக்கறானே, அது எந்த வகை?"

"அது வியாபாரமே இல்ல. கொள்ளை."

"குடும்ப வகைன்னு அஞ்சாவதா ஒண்ணு சேத்துக்குங்க."

அவள் தம்பி நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. யார் எது கேட்டாலும் கணினியில் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுப்பான், காசு மட்டும் யாரும் தரமாட்டார்கள். அவனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் என் மாமியார். அவரும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

ஒருநாள் இடைத்தரகர் பாடம். "இதுல பெரிய லாபம் யாருக்கு தெரியுமா? விக்கிறவனுக்கும் இல்ல, வாங்கறவனுக்கும் இல்ல. நடுவுல சந்தை வெச்சிருக்கான் பாரு, அவனுக்கு. அவன் கையில சரக்கே இருக்காது. ஆர்டர் அவன்கிட்ட வரும். சரக்கு வேற ஒருத்தன்கிட்டேருந்து நேரா வாங்கறவன் வீட்டுக்குப் போகும். அவன் உக்காந்த இடத்துலயே கமிஷன் எடுத்துப்பான்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "திரும்பச் சொல்லுங்க."

என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு மாணவன் கூட என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை. மணி அடித்ததா என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை படம் போட்டே காட்டினேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முடிவெடுத்த கையோடு சோபாவில் சாய்ந்திருந்தேன். வாரம் முழுக்க நின்றுகொண்டே பிழைப்பு நடத்துகிறவனுக்குப் படுப்பதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் கிடையாது. எங்கள் சோபாவில் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. என் இடுப்பு இத்தனை வருடம் பாடுபட்டு உருவாக்கிய பள்ளம். அதில் நான் பொருந்திக்கொண்டால் கடவுளே வந்து எழுப்பினாலும் அடுத்த வாரம் வரச் சொல்வேன்.

கடவுள் வரவில்லை. இவள் வந்தாள்.

"என்னங்க, ஃபேன் துடைக்கணும். சுத்தும்போது தூசி கொட்டுது."

நான் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன், வகுப்பில் அமைதி கேட்பது போல.

"இதோ பாரும்மா. உலகம் மாறிடுச்சு. வாயால சொல்லி வேலை வாங்கறதெல்லாம் போன தலைமுறையோட போச்சு. என் உழைப்பு ஒரு பண்டம். வேணும்னா ஆன்லைன்ல ஆர்டர் போடு. என்ன வேலை, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம், எல்லாம் தெளிவா இருக்கணும். ஆர்டர் இல்லேன்னா டெலிவரி இல்ல."

"ஆன்லைன்லயா?"

"ஆன்லைன்லதான்."

"அப்படி ஆர்டர் வந்தா செய்வீங்களா?"

"கண்டிப்பா. வியாபாரத்துல நாணயம் முக்கியம். ஆகவே, சுருக்கமாகச் சொன்னால்…"

'ஆகவே, சுருக்கமாகச் சொன்னால்' என்பது என் முத்திரை வசனம். அதற்குப் பிறகுதான் நான் நீளமாகப் பேசுவேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மனைவி சண்டை போட்டால் பயமில்லை, பேசி முடித்துக்கொள்ளலாம். "சரிங்க" என்றால் ஊரை விட்டே ஓடவேண்டும். நான் ஓடவில்லை. புரண்டு படுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மைத்துனன் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "அத்தான், எப்படி வந்திருக்கு பாருங்க. அக்கா செய்யச் சொன்னாங்க."

ஒரு அழகான பக்கம். மேலே 'ஞாயிறு கைவேலை'. அதன் கீழே என் படம். கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் படம், பிடிபட்டவன் மாதிரி முழிப்பேனே, அது. படத்துக்குக் கீழே விவரம்: 'பயன்படுத்தப்பட்டது. ஒரே உரிமையாளர். நல்ல நிலையில் உள்ளது. ஓடும்போது லேசாகச் சத்தம் வரும். சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.'

அதற்கும் கீழே வேலைகள். திரைச்சீலைக் கம்பி மாட்டுதல். ஃபேன் துடைத்தல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுதல். 'இறங்கி' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"என்னம்மா இது?"

"கடைங்க."

"உனக்கு ஃபேன் துடைக்கணும்னா நீ ஆர்டர் போடுன்னுதானே சொன்னேன்? இது யார் வேணாலும் ஆர்டர் போடலாம்னு இருக்கு!"

"சந்தைன்னா எல்லாருக்கும் திறந்திருக்கணும்னு சொன்னீங்களே. கட்டடத்துல இருக்கிற எல்லா வீட்டுக்கும் அனுப்பியாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"சரக்குகிட்ட யாராவது கேப்பாங்களா?"

"நான் சரக்கா?"

"சரக்கு கையில இல்லாமலே விக்கலாம்னீங்க. ஆனா நீங்க கையிலயே இருக்கீங்க. அந்த வகையில நம்ம கடை கொஞ்சம் பழைய மாதிரிதான்."

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, படத்துல நல்லா இருக்கீங்க. நேர்லதான் கொஞ்சம் சுமார்."

முதல் ஆர்டர் அன்றைக்கே வந்துவிட்டது. கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா. வீட்டின் முன்பக்கத்தில்தான் அவருடைய கிளினிக். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். ஞாயிறு காலை.

போனேன். வாக்குக் கொடுத்தாயிற்றே. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை ஓடாது, வாய்தான் ஓடும். ஸ்டூலில் ஏறினேன். ஒரு கையில் சுத்தியல். "இப்ப நீங்க பாக்கிறது சேவை வணிகம். பொருளைத் தொட்டுப் பாத்து வாங்கலாம், சேவையைத் தொட்டுப் பாக்க முடியாது, ஆகவே நம்பிக்கைதான்…" என்று ஆரம்பித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. பல்வலியில் எப்படிப் பேசுவார்கள்? அவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை. பேச்சு சுவாரசியத்தில் ஒரு பக்க ஆணியை அடிக்க மறந்துவிட்டேன்.

நம்பிக்கை என்ற சொல்லை இரண்டாம் முறை சொல்லும்போது கம்பி இறங்கியது. கம்பியோடு திரை இறங்கியது. திரையோடு நான் இறங்கினேன். கடைசி நாற்காலியில் இருந்த பெரியவர், காலையிலிருந்து வாயே திறக்காதவராம், வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்த பல் தானாக விழுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு, "வலி போயிடுச்சு, வரேன் தாயி" என்று கிளம்பிப் போனார். டாக்டரம்மாவுக்குத் திரையும் போயிற்று, ஒரு நோயாளியும் போனார்.

சாயங்காலம் அந்த இணையப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம். ஒன்றே ஒன்று. கூடவே விமர்சனம்: 'பேச்சு நன்றாக இருந்தது. திரை இல்லை.'

எனக்கு உள்ளூர ஆனந்தம். ஒற்றை நட்சத்திரச் சரக்கை எந்தப் புத்தி கெட்டவன் வாங்குவான்? இனி ஞாயிறு நமதே. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இவளிடம் போனேன்.

"பாவம்மா உன் கடை. மூடிட வேண்டியதுதான்."

"எதுக்கு மூடணும்? ரேட்டிங் விழுந்தா என்ன செய்யணும்னு போன மாசம் சொன்னீங்களே."

"என்ன சொன்னேன்?"

"விலையைக் குறை, கூட்டம் வரும்னு."

பாதி விலை ஆக்கிவிட்டாள். மறுநாள் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி மினுங்கியது: 'இந்த ஞாயிறு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மூன்று பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

மூன்று பேர்! யார் அந்த மூன்று பேர்? இரண்டாம் மாடிப் பேங்க்காரரா? அவர் எப்போதும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசுகிறவராயிற்றே! கண்ணை மூடினால் தொட்டிக்குள் நான். பாசி. மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். அதில் இவள் முகம். "அந்த மூலையில இன்னும் போகலைங்க."

இந்தச் சிவப்பு வரியைப் பற்றி நான் ஒரு முழு வகுப்பு எடுத்திருக்கிறேன். 'அவசரப்படுத்தி விற்கும் முறை' என்று தலைப்பு. "இதைப் பார்த்து ஏமாறுகிறவன் முட்டாள்" என்று சொல்லி மேசையைத் தட்டுவேன். அதெல்லாம் மற்றவர்கள் விலைபோகும்போது. விற்பனைக்கு நானே இருக்கும்போது எந்தத் தத்துவமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஞாபகத்துக்கு வந்தது வேறு ஒன்று. பரீட்சைத் தாள் திருத்திய பணம். இவளுக்குத் தெரியாமல் என் போனில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். என் சொந்தச் சொத்து என்று உலகத்தில் அது ஒன்றுதான்.

என்னை நானே வாங்கிவிட்டால் என்ன?

எழுந்து நின்றுவிட்டேன். எப்பேர்ப்பட்ட யோசனை! நாலாவது மாடியில் கடைசி வீடு வெகு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த முகவரியில் ஒரு வாடிக்கையாளர். அவருக்கு ஒரு புது மின்னஞ்சல். ஞாயிறு காலையிலிருந்து சாயங்காலம் வரை முழு நாள் பதிவு. பணம் கட்டினேன். சிவப்பு எழுத்து மறைந்தது. 'இந்த ஞாயிறு இடம் நிரம்பிவிட்டது.' அந்த மூன்று பேரின் மூஞ்சியில் கரி!

கொஞ்ச நேரத்தில் இவள் வந்தாள். "என்னங்க, நாலாவது மாடிலேருந்து ஆர்டர். முழு நாளும் நீங்க வேணுமாம்."

"நாலாவது மாடியா? அது பூட்டியில்ல இருந்தது?"

"ஆள் வந்துட்டாங்க போல. உங்க ராசி."

"என்ன வேலையாம்?"

"எழுதல. ஆள் மட்டும் வந்தாப் போதுமாம். தங்கமான மனுஷன்."

அந்தத் தங்கமான மனுஷன் ஞாயிறு காலை சுத்தியல் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அப்போதுதான் உறைத்தது. வேலைக்குப் போகிறவன் வீட்டில் படுக்க முடியாது. சோபா உள்ளே இருக்கிறது. நான் வெளியே இருக்கிறேன். தூக்கத்தை விலை கொடுத்து வாங்கியாயிற்று, தூங்க இடம் வாங்க மறந்துவிட்டேன். திரும்பவும் அளவு பார்க்காமல் ஏணி வாங்கிய கதை.

பயிற்சி நிலையத்துக்குப் போனேன். காவலாளி சாவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை கூட கிளாஸா சார்?" "தனி வகுப்பு" என்றேன். இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அது சரியாக என் முதுகெலும்புக்குக் கீழே. சாயங்காலம் எழுந்திருக்கும்போது நானே ஒரு பெஞ்சாகியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவள் ஓடி வந்தாள். "ரொம்ப வேலையாங்க? முதுகு அப்படியே மரக்கட்டை மாதிரி இருக்கே."

"நிறைய… தூக்க வேண்டியிருந்தது."

"பாவம். உக்காருங்க, டீ போடறேன்."

டீ வந்தது. அக்கறையாக முதுகைத் தடவிக்கூட விட்டாள். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். பொய்யாக உழைத்துவிட்டு நிஜமாக உபசாரம் வாங்குவது ஒரு தனி சுகம்.

வாங்கியவர் விமர்சனம் எழுத வேண்டுமாம், பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசை யாரை விட்டது? பெஞ்சில் கெட்டுப்போன முதுகோடு உட்கார்ந்து எழுதினேன்: 'இவரைப் போன்ற கைராசிக்காரரை நான் கண்டதில்லை. பண்பாளர். அறிவாளி. ஆகவே, சுருக்கமாகச் சொன்னால், இந்தக் கட்டடம் கொடுத்து வைத்தது.' ஐந்து நட்சத்திரம். எழுதி முடித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் என் விலை இரட்டிப்பாகியிருந்தது.

"என்னம்மா, விலை ஏறியிருக்கு?"

"அஞ்சு நட்சத்திரம் வந்திருக்குங்க! மவுசு ஏறினா விலை ஏறும்னு நீங்கதானே படம் போட்டுக் காட்டினீங்க?"

காட்டினேன். அம்புக்குறி கூட மேல்நோக்கி வரைந்தேன். சிவப்பு எழுத்து திரும்ப வந்துவிட்டது. ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரட்டை விலை கொடுத்து என்னைக் காப்பாற்றினேன். பெஞ்சில் படுத்தேன். போடாவிட்டால் யாருக்காவது சந்தேகம் வந்துவிடுமே என்று அந்த வாரமும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். விலை மறுபடி ஏறியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாராவாரம் வைத்துக்கொண்டு, சூனியக்காரனுக்கு நற்சான்றும் எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு சந்தா வந்தது. 'நிரந்தர வாடிக்கையாளருக்கு மட்டும்: ஆறு மாத ஞாயிறுகளை மொத்தமாக வாங்கினால் விலை பாதி.' கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாராவாரம் கட்டுவதைவிட லாபம். திருத்திய தாளுக்கு வந்தது, திருத்தப் போகும் தாளுக்கு வாங்கிய முன்பணம் எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கட்டிவிட்டேன். போனில் என் சொத்து பூஜ்யம். ஆனால் ஆறு மாதத்துக்கு எந்தத் தொட்டியும் என்னைத் தீண்டாது. வெற்றி வெற்றிதான், முதுகு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சி நிலையம் பூட்டிக் கிடந்தது. வெள்ளையடிக்கிறார்களாம். பெஞ்செல்லாம் வெளியே வெயிலில் கிடந்தன. காவலாளி கையை விரித்தார். கால் போன போக்கில் சுற்றிவிட்டு, முதுகு கெஞ்ச, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் தரையில் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தான், என் சட்டையில். மாமியார் நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். சோபாவில், என் சோபாவில், நான் வருடக்கணக்காக உண்டாக்கிய பள்ளத்தில், இவள் படுத்திருந்தாள். கச்சிதமாகப் பொருந்தியிருந்தாள்.

"என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க? வேலை முடிஞ்சுதா?"

"நாலாவது மாடிக்காரர் வெளியூர் போயிட்டார்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "அங்க யாரு இருக்காங்க மாப்பிள்ளை? துணி காயப் போடப் போறப்பல்லாம் பாக்கறேன், பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு."

"சும்மா இருங்கம்மா" என்றாள் இவள். "நம்ம வாடிக்கையாளரை அப்படியெல்லாம் பேசக்கூடாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"விமர்சனம் வந்த அன்னிக்கே. 'ஆகவே, சுருக்கமாகச் சொன்னால்'னு உங்களைத் தவிர யாருங்க எழுதுவாங்க? அதுவும் உங்களை அறிவாளின்னு!"

"தெரிஞ்சுமா என்கிட்டயே பணம் வாங்கினே?"

"பணம் கட்டறவர் யாருன்னு பாக்கக்கூடாதுங்க, பணம் வந்துதான்னுதான் பாக்கணும். இதுவும் நீங்க சொன்னதுதான்."

மடக்கிவிடலாம் என்று கடைசி அம்பை எடுத்தேன். "அதனால என்ன? நான் வாங்கலேன்னா வேற யாராவது வாங்கியிருப்பாங்க. மூணு பேர் காத்துக்கிட்டிருந்தாங்களே, அவங்க யாரு?"

"அம்மா, தம்பி, நான்."

"என்னது?"

"மூணு பேரும் போனைத் திறந்து வெச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். பொய் விளம்பரம் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. அதனால தினமும் பாத்தோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், நோயாளியிடம் பவர் ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி. "டாக்டரம்மா திரை விழுந்ததுக்கு அப்புறம், இந்தக் கட்டடத்துல உங்களை ஓசியில கூட யாரும் கேக்கலைங்க."

தொட்டிக்குள் தள்ளிவிட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என்னைப் பிடிப்பதற்கு ஊரே அலைகிறது என்றல்லவா ஓடிக்கொண்டிருந்தேன்! துரத்த ஒரு நாய்கூட இல்லையாம்.

"பணத்தைத் திருப்பிக் குடு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள், கடையில் பிடிப்பது போலவே.

"மேல் வரி தெரியுதா?"

"'ஞாயிறு கைவேலை.'"

"அதுக்குக் கீழ?"

"'ஒரே உரிமையாளர்.'"

"கடைசி வரி?"

கண்ணைச் சுருக்கினேன். எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. "தெரியலையே."

"அதான் நிபந்தனை. சந்தாப் பணம் திரும்பக் கிடைக்காது."

"இது அநியாயம்மா! எதுக்கு இவ்வளவும் செஞ்சே? ஒரு ஃபேனுக்காகவா?"

"ஃபேனைத் தம்பி அன்னிக்கே துடைச்சுட்டான்." அவள் சிரிக்கவில்லை. "நானும் வாரத்துல ஆறு நாள் நின்னுக்கிட்டேதாங்க வேலை பாக்கறேன். எனக்கும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் வருது. இந்த சோபா வாங்கின நாள்லேருந்து ஒரு நாள் மதியம் கூட நான் இதுல படுத்ததில்ல. எப்பப் பாத்தாலும் நீங்க இருப்பீங்க."

நியாயம். அந்த நியாயம் இத்தனை வருடமாக எனக்குத் தட்டுப்படவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். "தப்புத்தான்மா."

"பரவால்ல."

"சரி, கொஞ்சம் தள்ளிக்கோ. முதுகு ரொம்ப வலிக்குது."

"அத்தான்" என்றான் தரையிலிருந்து மைத்துனன். "புதுசா ஒண்ணு போட்டிருக்கோம். பாத்தீங்களா?"

போனை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கம். என் படம் இருந்த இடத்தில் சோபாவின் படம். 'ஞாயிறு மதியம். மெத்தென்ற பள்ளம். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மூன்று பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம்? இந்த வித்தையைக் கரும்பலகையில் கட்டம் போட்டு ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவனிடமா? இதைப் பார்த்து ஏமாறுகிறவன் முட்டாள் என்று மேசையைத் தட்டுகிறவனிடமா? அந்த மூன்று பேரும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் கையிலும் போன். ஒருவராவது காசு கொடுத்துச் சோபா வாங்கப் போகிறார்களா என்ன? ஏளனமாக ஒரு பார்வை பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். அசையாமல் நின்றேன்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கட்டைவிரலை மெதுவாகப் போன் திரைக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

நான் முந்திக்கொண்டேன். அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.